பந்தியில் உட்கார அஞ்சுகிறவர்கள்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உணவுக் கோளாறு. அதிலும் அதன் ஒரு முகம். உணவுக் கோளாறு உள்ளவர்களுக்குள் குடியிருக்கும் ஒரு பயம் இருக்கிறது. நாலு பேர் முன்னால் உட்காரப் பயம். பேசப் பயம். சாப்பிடப் பயம். யாராவது தன்னைப் பார்க்கிறார்களோ என்ற பயம். மனநல மருத்துவத்தில் இதைச் சமூகப் பதற்றம் என்கிறோம். இந்தப் பயத்தைக் கவனிக்காமல் தட்டையும் எடைப் பொறியையும் மட்டும் கவனித்தால் இந்த நோயாளிகளைப் பாதியில் கைவிட்டவர்கள் ஆவோம். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு வாக்குறுதி. இந்தப் பேச்சில் யாருடைய உடல் எடையையும் எண்ணாகச் சொல்ல மாட்டேன். நோயாளிகள் சாப்பாட்டை எப்படித் தவிர்க்கிறார்கள், எப்படி மறைக்கிறார்கள் என்ற வழிமுறைகளையும் விரித்துச் சொல்ல மாட்டேன். இவ்வளவு பேர் கூடியிருக்கும் அரங்கில் இந்த நோயோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவராவது இருப்பார். எண்ணைச் சொன்னால் அது அவருக்குப் போட்டியாகிவிடும். வழிமுறையைச் சொன்னால் அது அவருக்குப் பாடமாகிவிடும். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.

நண்பர்களே, நம் ஊரில் சாப்பாடு தனியாக நடக்கிற காரியமா? கல்யாணமா, பந்தி. காதுகுத்தா, பந்தி. பதினாறாம் நாள் காரியமா, அதற்கும் பந்தி. பந்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வரிசையாக இலை. எதிரே இன்னொரு வரிசை. நடுவே வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுகிறவர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால், நீங்கள் எப்போது எழுந்திருப்பீர்கள் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அடுத்த பந்திக்காரர்கள். பெண் வீட்டார் ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். "ஏம்மா, ஒண்ணுமே சாப்பிடல? அந்த இலைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடுப்பா." இது அன்பு. தலைமுறை தலைமுறையாக வந்த அன்பு. இதை நான் குறை சொல்லப் போவதில்லை.

அந்தப் பந்தியில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணை உட்கார வைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட யாரையும் நான் சொல்லவில்லை. பலரிடம் கேட்டதையெல்லாம் சேர்த்து ஒரு பெண்ணாகச் சொல்கிறேன். பத்திரிகை வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவளுக்குக் கல்யாணம் தொடங்கிவிடுகிறது. யார் யார் வருவார்கள்? அந்தப் பெரியம்மா வருவாரா? போன தடவை என்ன சொன்னார்? எந்த உடையில் உடம்பு அதிகம் தெரியாது? சாப்பிடச் சொன்னால் என்ன பதில் வைத்திருப்பது? "இப்பதான் டிபன் ஆச்சு." "வயிறு சரியில்ல." "இன்னைக்கு விரதம்." பதில்களைப் பாடம் பண்ணிக்கொள்கிறாள். கல்யாணத்தன்று இலை முன்னால் உட்காருகிறாள். கை நடுங்குகிறது. நடுக்கத்தை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற நினைப்பில் நடுக்கம் கூடுகிறது. தான் மெல்லுகிற ஓசை தனக்கே பெரிதாகக் கேட்கிறது. எதிர் வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள், அது தன்னைப் பார்த்துத்தான் என்று முடிவு கட்டுகிறாள். வீட்டுக்கு வந்த பிறகாவது கல்யாணம் முடிகிறதா? இல்லை. ராத்திரி படுக்கையில் இரண்டாவது காட்சி ஓடுகிறது. அவர் ஏன் அப்படிப் பார்த்தார்? நான் ஏன் அந்த மாதிரிப் பேசினேன்? அடுத்த கல்யாணத்துக்குப் போகவே கூடாது.

அவள் எதற்குப் பயப்படுகிறாள்? பாயசத்துக்கா? ஆம், பாயசத்துக்கும் பயப்படுகிறாள். ஆனால் பாயசத்தைத் தனியறையில் கொண்டுபோய் வைத்தால் இருக்கிற பயம் வேறு, ஐம்பது பேர் நடுவில் இலையில் ஊற்றும்போது வருகிற பயம் வேறு. இரண்டாவது பயத்தில் பாயசத்தோடு ஐம்பது ஜோடிக் கண்களும் சேர்ந்திருக்கின்றன. முதல் பயத்தைப் பற்றி நாம் கொஞ்சமாவது பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

உணவுக் கோளாறுகளில் முக்கியமான மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு மெலிந்து உயிருக்கு ஆபத்து என்ற நிலையிலும் எடை கூடிவிடுமோ என்று அஞ்சிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. கட்டுப்பாடில்லாமல் அதிகம் சாப்பிட்டுவிட்டு, பிறகு அதை ஈடுகட்ட உடம்பை வதைத்துக்கொள்வது புலிமியா. அப்படி ஈடுகட்டாமல், வேதனையோடும் வெட்கத்தோடும் அளவுமீறிச் சாப்பிடுவது மூன்றாவது வகை. 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இந்த மூன்றாவதைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. அதன் அடையாளங்களில் ஒன்றாக அந்தக் கையேடு எதைச் சொல்கிறது தெரியுமா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது. நோயின் வரையறைக்குள்ளேயே அடுத்தவர் பார்வை வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது மறுபக்கம் வாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் மைக்கேல் லீபோவிட்ஸ், சமூகப் பதற்றத்தை அளப்பதற்கு 1987இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். இன்றும் உலகமெங்கும் பயன்படுகிற அளவுகோல் அது. அதில் 24 சூழல்கள் உண்டு. கூட்டத்தில் எழுந்து பேசுவது, முன்பின் தெரியாதவரோடு தொலைபேசியில் பேசுவது என்று வரிசையாகப் போகும். அந்த 24இல் ஒன்று, பொது இடத்தில் சாப்பிடுவது. இன்னொன்று, மற்றவர்களோடு சேர்ந்து எதையாவது குடிப்பது. உணவுக் கோளாறே இல்லாத, வெறும் சமூகப் பதற்றம் உள்ளவருக்கே சாப்பாட்டு மேசை இவ்வளவு கடினம் என்றால், இரண்டும் ஒருவரிடமே சேர்ந்துகொண்டால் அவர் எங்கே போவார்?

இந்த இரண்டும் சேர்ந்து வருவதை நம் காலத்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் பாரிஸில் சார்ல் லசேக் என்ற மருத்துவரும் அனோரெக்சியாவைத் தனித்தனியே விவரித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1903இல், பியேர் ஜானே என்ற பிரெஞ்சு அறிஞர் தன் பெரிய நூலில் ஓர் இளம்பெண்ணின் கதையை எழுதினார். அவளுக்கு அவர் வைத்த புனைபெயர் நாதியா. அவளும் கடுமையாகச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியவள்தான். ஆனால் பசியே இல்லாமல் போன மற்ற நோயாளிகளோடு இவளைச் சேர்க்க ஜானே மறுத்தார். இவளுக்குப் பசி இருந்தது. கூடவே வெட்கம் இருந்தது. உடம்பைப் பற்றிய வெட்கம், அது பிறர் கண்ணில் படுவதைப் பற்றிய வெட்கம், பிறர் முன்னால் சாப்பிடுவதைப் பற்றிய வெட்கம். அந்த வெட்கம்தான் நோயின் மையம் என்று ஜானே கண்டார். மனிதர்கள் கூடும் சூழல்களுக்கு அஞ்சுவதை ஒரு தனிப் பயமாகப் பிரித்து எழுதியவரும் இதே ஜானேதான், அதுவும் இதே நூலில். ஒரே அறிஞர், ஒரே புத்தகம், இரண்டு நோய்கள் அக்கம்பக்கத்தில்! அதற்குப் பிறகு வந்த மருத்துவ உலகம் இரண்டையும் இரண்டு வார்டுகளாகப் பிரித்துவிட்டது. எடை ஒரு வார்டுக்குப் போனது, வெட்கம் இன்னொரு வார்டுக்குப் போனது. நோயாளி மட்டும் ஒருவராகவே இருந்தார்.

எது முதலில் வருகிறது? உணவுக் கோளாறு வந்ததால் மனிதப் பயம் வந்ததா? மனிதப் பயம் இருந்ததால் உணவுக் கோளாறு வந்ததா?

2004இல் வால்டர் கே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அனோரெக்சியாவோ புலிமியாவோ இருந்த 672 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு பதற்றக் கோளாறாவது இருந்திருக்கிறது. ஐந்தில் ஒருவருக்குச் சமூகப் பதற்றம் நோயென்று சொல்லும் அளவுக்கே இருந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பதற்றம் இருந்தவர்களில் பெரும்பாலோர், அது சிறுவயதிலேயே, உணவுக் கோளாறு எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்டது என்று சொன்னார்கள்.

சிறுவயதிலேயே! அப்படியென்றால் அந்தக் குழந்தையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத குழந்தை. விருந்தாளி வந்தால் உள்ளறைக்கு ஓடும் குழந்தை. மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடும் குழந்தை. அந்தக் குழந்தையைப் பார்த்து நாம் என்ன சொன்னோம்? "ரொம்ப அடக்கமான பொண்ணு." "வாயில்லாப் பூச்சி." பெண்ணாக இருந்தால் பாராட்டியே விட்டோம். அந்த அடக்கத்துக்குள் ஒரு குழந்தை தினமும் தேர்வு எழுதிக்கொண்டிருந்ததை நாம் பார்க்கவில்லை. எதிரே நிற்கும் ஒவ்வொரு மனிதரும் அவளுக்கு மதிப்பெண் போடுகிறவர். எந்தக் கேள்விக்கு என்ன விடை என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

பதின்மூன்று, பதினான்கு வயதில் அவளுக்கு ஒரு விடை கிடைக்கிறது. காய்ச்சலிலோ தேர்வுக் கவலையிலோ கொஞ்சம் மெலிகிறாள். யாரோ ஒருவர் சொல்கிறார்: "அட, இளைச்சு அழகாயிட்டியே!" அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் ஒருவர் அவளுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார். பேச்சில் வராத தைரியம், நட்பில் வராத நம்பிக்கை, உடம்பைக் குறைப்பதில் வந்துவிட்டது. மனிதர்களின் மனம் தன் கையில் இல்லை, ஆனால் தட்டு தன் கையில் இருக்கிறது என்று அவள் கண்டுகொள்கிறாள். எல்லா நோயாளிகளுக்கும் இதே பாதை என்று நான் சொல்லவில்லை. பரம்பரைக்கும் இந்த நோயில் பெரிய பங்கு உண்டு, உடலின் இயல்புக்கும் உண்டு. ஆனால் இந்தப் பாதையில் நடந்து வந்தவர்களை நான் மீண்டும் மீண்டும் சந்திக்கிறேன். அந்தப் பாராட்டைச் சொன்னவர் யார், எந்த இடத்தில் நின்று சொன்னார் என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கிறது. சொன்னவருக்குத்தான் நினைவிருக்காது.

இது பாதி உண்மைதான். பதற்றம் பட்டினிக்கு வழிவிடுகிறது. பட்டினி என்ன செய்கிறது? அதையும் கேட்க வேண்டாமா?

இதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நோயைப் பற்றி எந்தப் பெற்றோரிடம் பேசினாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில். போர் முடிந்ததும் அவர்களுக்கு எப்படிச் சோறு போட்டு மீட்பது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனைக்கு ஆள் கேட்டார். கொல்ல மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் முன்வந்தார்கள். அவர்களிலிருந்து 36 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படிப்பட்டவர்களை? உடலும் மனமும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். மற்றவர்களோடு ஒத்துப் போகிறவர்களா என்றும் பார்த்தார்கள். 1945இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைப் பட்டினி. பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கக் கட்டடத்திலேயே தங்கினார்கள்.

என்ன ஆயிற்று? உடம்பு மெலிந்தது, சரி. மனம் என்ன ஆயிற்று? கலகலப்பாக இருந்தவர்களின் சிரிப்பு நின்றது. கூடிப் பேசுவது குறைந்தது. பெண் நண்பர்களைப் பார்க்கப் போவதை நிறுத்தினார்கள். கூட்டத்தில் தாங்கள் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் வந்தது. தனிமையைத் தேடினார்கள். அதே நேரத்தில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தார்கள். கொஞ்சூண்டு உணவை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள். தட்டை நக்கினார்கள். பிறகு முழுச் சாப்பாடு கொடுத்த உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மனநிலை திரும்ப நாளாயிற்று. சிலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். கீஸும் அவருடைய தோழர்களும் இதையெல்லாம் 1950இல் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

பெற்றோர்களே, இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன். அந்த 36 பேரில் யாருக்கும் உணவுக் கோளாறு இல்லை. யாரும் தன் உடம்பை வெறுத்தவர் இல்லை. அவர்களுக்கே பட்டினி இந்தக் கதியை உண்டாக்கியது என்றால், ஏற்கெனவே மனிதரைக் கண்டு ஒடுங்கும் உங்கள் பிள்ளைக்கு என்ன செய்யும்? "நல்லா பேசிட்டிருந்த பொண்ணு, இப்ப ரூமை விட்டே வர்றதில்ல. யாரையும் மதிக்கிறதில்ல. திமிரு பிடிச்சிருச்சு." இப்படிச் சொல்லிக்கொண்டு அம்மாக்கள் வருகிறார்கள். திமிர் இல்லையம்மா, அது பட்டினி. மூளைக்குச் சோறு போகவில்லை. பதற்றம் சாப்பாட்டைக் குறைக்கிறது, குறைந்த சாப்பாடு மனிதரை விட்டு விலக்குகிறது, விலகிய தனிமையில் பதற்றம் வளர்கிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரே தடம். எந்த இடத்தில் தொடங்கியது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்ப்பதுதான் அவசரம்.

புலிமியாவின் கதை வேறு. 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸல் இந்த நோயை விவரித்தார். இதில் உடம்பு பார்வைக்கு இயல்பாகவே இருக்கலாம். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் தெரியாது. வெளியே சிரித்துப் பேசி, வேலை பார்த்து, எல்லோருக்கும் நல்லவராக இருந்துவிட்டு, கதவைச் சாத்திய பிறகு தொடங்குகிற நோய் இது. உலகத்திலேயே அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட பெண்களில் ஒருவர் இங்கிலாந்து இளவரசி டயானா. 1995 நவம்பரில் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பேட்டியில், தனக்குப் பல ஆண்டுகள் புலிமியா இருந்ததென்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கேமராக்கள் சூழ வாழ்ந்த ஒருவராலேயே அத்தனை ஆண்டுகள் மறைக்க முடிந்தது என்றால், ஹாஸ்டலின் ஓர் அறையில் மூன்று பேரோடு இருக்கும் பெண்ணால் மறைக்க முடியாதா? மறைக்க மறைக்க, கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் சேர்கிறது. பழகினால் தெரிந்துவிடும், ஆகவே பழகாமல் இருப்பதே மேல். இப்படி நட்புகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

பார்க்கிற கண்கள் பக்கத்து வீட்டுக் கண்களாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. பசிபிக் கடலில் ஃபிஜித் தீவுகள். நம் தமிழர்கள் பலர் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்த தீவுகள்தான். அங்கே பழங்குடி ஃபிஜி மக்களிடம் வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. 1995இல் நத்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் அந்த ஆண்டிலும் 1998இலும் அங்கே பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார். எடைக்காகச் சாப்பிட்டதை வலிய வெளியேற்றும் பழக்கம் முதல் ஆய்வில் ஒருவரிடமும் இல்லை. மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 11 பேரிடம் அது வந்துவிட்டது. அது வெறும் தொலைக்காட்சி, எதிர்த்துப் பேசாத பெட்டி. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பெட்டி அவர்களையே படமெடுத்து, ஊர் முழுக்கக் காட்டி, எத்தனை பேருக்குப் பிடித்தது என்று எண்ணியும் சொல்கிறது. மதிப்பெண்ணுக்கு அஞ்சிய குழந்தையின் கையில் நாமே மதிப்பெண் பட்டியலைக் கொடுத்திருக்கிறோம்.

ஆண் பிள்ளைகளுக்கு இதில் என்ன என்று இங்கே யாராவது நினைத்தால், 1689இலேயே ரிச்சர்டு மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் இத்தகைய மெலிவைப் பற்றி எழுதியபோது சொன்ன இரண்டு நோயாளிகளில் ஒருவன் பதினாறு வயதுப் பையன் என்பதை அவர்களுக்குச் சொல்கிறேன். இன்று ஜிம்முக்குப் போய், எவ்வளவு தசை ஏறினாலும் போதவில்லை என்று சட்டையைக் கழற்றக் கூசும் இளைஞனும் இதே வரிசையில்தான் நிற்கிறான். அவனை யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை, அதனால் அவன் உதவி கேட்பது இன்னும் தாமதமாகிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் நோய்ங்க. நம்ம ஊர்ல ஏது?" இந்தப் பேச்சையும் கேட்கிறேன். 1990களிலேயே சென்னை மனநல மருத்துவர்கள் மருத்துவ மாணவர்களிடையே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புத்தகத்தில் உள்ளபடியான முழு நோய் அரிது, ஆனால் சாப்பாட்டையும் உடம்பையும் பற்றிய மெல்லிய வேதனை பலரிடம் இருக்கிறது என்று எழுதினார்கள். நம் ஊரில் நோய் வேறு உடையில் வருகிறது. "குண்டாயிடுவேன்னு பயமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வருவதில்லை. "வயிறு உப்புசமா இருக்கு", "ரெண்டு வாய் சாப்பிட்டா நெஞ்சு அடைக்குது", "பசிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லி வருகிறார்கள். வயிற்று மருத்துவரிடம் போகிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள், எண்டோஸ்கோப்பி பார்க்கிறார்கள், எல்லாம் நார்மல் என்று திரும்புகிறார்கள். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மருத்துவரும் இதையே கண்டார். அவருடைய நோயாளிகளில் பலர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை, வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

நோயை மறைக்க நம் பண்பாட்டில் இடமும் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம் என்று விரத நாள்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நம்பிக்கையோடு இருக்கும் விரதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டில் வேறு யாரும் இருக்காத விரதங்களை ஒரு பதினேழு வயதுப் பெண் வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போனால், பக்தி என்று பூரிக்காமல் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

பெண் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு பெண்ணைக் கூடத்தில் நிறுத்தி, தட்டில் பலகாரம் ஏந்தி வரச் செய்து, நாலைந்து பேர் மேலும் கீழும் பார்த்து, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்கு" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருபக்கம் உணவு, ஒருபக்கம் உடம்பு, ஒருபக்கம் தீர்ப்பு. மூன்றையும் ஒரே அறையில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். நல்ல மனிதர்கள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள், இதைச் செய்கிறார்கள். இது கொடுமை. இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சரி, வழி என்ன? வழி இருக்கிறது, நண்பர்களே. இந்த நோயிலிருந்து மீண்டு, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அலட்சியம் கூடாது. மனநோய்களில் மிக அதிகமாக உயிர் குடிக்கும் நோய்களில் அனோரெக்சியாவும் ஒன்று. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அனோரெக்சியாவோடு இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர் என்று கண்டது. சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது.

முதலில் உடம்புக்குச் சோறு வேண்டும். மினசோட்டா சொன்ன பாடம் அது. பட்டினி கிடக்கும் மூளையிடம் எவ்வளவு நல்ல ஆலோசனை சொன்னாலும் ஏறாது, மருந்தும் அவ்வளவாக வேலை செய்யாது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான ஒரு சிகிச்சை முறை, பதின்வயதுப் பிள்ளைகளின் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியது. "உங்களால்தான் வந்தது" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, "உங்களால்தான் மீட்க முடியும்" என்று சொன்னது. சில காலம் சாப்பாட்டின் பொறுப்பைப் பெற்றோரே ஏற்று, பிள்ளை தேறத் தேறத் திரும்பக் கொடுப்பது அதன் முறை. குடும்பமே கூடி உண்ணும் நம் வீடுகளுக்கு இது அந்நியமானது இல்லை என்று நான் நினைக்கிறேன்.

எடை ஏறியதும் சிகிச்சைக் கோப்பை மூடிவிடுகிறோமே, அங்கேதான் நான் சண்டை போடுகிறேன். எடை ஏறிய பெண் திரும்ப எங்கே போகிறாள்? அதே கல்லூரிக்கு, அதே மெஸ்ஸுக்கு, அதே கண்களுக்கு நடுவில் போகிறாள். இப்போது அவளிடம் பழைய கவசமும் இல்லை. மெலிவு ஒரு நோய்தான், ஆனால் அவளுக்கு அது ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, மனிதப் பயத்துக்கு எதுவும் செய்யாமல் அனுப்பினால் அவள் திரும்ப அதே இடத்துக்குத்தானே ஓடுவாள்?

மனிதப் பயத்துக்கும் சிகிச்சை உண்டு. 1995இல் டேவிட் கிளார்க், ஆட்ரியன் வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இந்தப் பயம் ஏன் தானாகத் தணிவதில்லை என்று விளக்கினார்கள். பயப்படுகிறவர் எதிரே இருப்பவரைப் பார்ப்பதே இல்லை. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தான் வெளியிலிருந்து எப்படித் தெரிகிறோம் என்று மனத்துக்குள் ஒரு கோரமான படத்தை வரைந்து, அதையே உண்மை என்று நம்புகிறார். பிறகு அந்தப் படத்தை மறைக்கச் சின்னச் சின்னத் தற்காப்புகளைச் செய்கிறார். தொளதொளச் சட்டை, ஓரத்து நாற்காலி, குனிந்த தலை, தயாராக வைத்திருக்கும் சாக்கு. ஆபத்து எதுவும் நடக்காமல் வீடு திரும்பினால், தற்காப்பு காப்பாற்றியது என்று நினைக்கிறாரே தவிர, ஆபத்தே இல்லை என்று அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை. சிகிச்சையில் இந்தத் தற்காப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கப் பழக்குகிறார்கள். முதலில் சிகிச்சையாளரோடு ஒரு டீ. பிறகு ஒரு தோழியோடு கேன்டீனில் ஒரு மூலை மேசை. பிறகு நடு மேசை. கடைசியில் கல்யாணப் பந்தி. கவனத்தைத் தன் வயிற்றிலிருந்து எதிரே இருப்பவரின் பேச்சுக்குத் திருப்பப் பழக்குகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உணவுக் கோளாறுகளுக்காக உருவாக்கிய சிகிச்சையின் விரிந்த வடிவத்திலும், தாழ்வு மனம், மனித உறவுச் சிக்கல், எல்லாவற்றிலும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவற்றுக்குத் தனி இடம் உண்டு.

ஒரு கடினமான உண்மையையும் சொல்ல வேண்டும். இந்த நோய் சிகிச்சையின் வாசலிலேயே காவல் நிற்கிறது. மனிதர்களுக்கு அஞ்சுகிறவர் மருத்துவரும் மனிதர்தானே என்று அஞ்சுகிறார். வரவேற்பறையில் பத்துப் பேர் நடுவில் எடைப் பொறியில் ஏறச் சொன்னால் மறுமுறை வர மாட்டார். மருத்துவ நண்பர்கள் இந்த அரங்கில் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன், எடை பார்ப்பதைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். குழுச் சிகிச்சைக்கு வரவில்லை என்றால் ஒத்துழைக்காதவர் என்று எழுதிவிடாதீர்கள்.

மற்றவர்களிடம் என் வேண்டுகோள்கள் எளியவை. உறவினர்களே, யாரைச் சந்தித்தாலும் முதல் வார்த்தையாக உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். இளைத்துவிட்டாய் என்றும் வேண்டாம், பெருத்துவிட்டாய் என்றும் வேண்டாம், பாராட்டாகக்கூட வேண்டாம். படிப்பைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள், ஊரில் மழை பெய்ததா என்று கேளுங்கள். ஆசிரியர்களே, அடக்கமான பிள்ளை என்று பாராட்டும் முன் அது அடக்கமா அச்சமா என்று ஒருமுறை பாருங்கள். ஹாஸ்டல் தோழிகளே, அவள் தட்டை எண்ணாதீர்கள். அவளை விட்டுவிட்டும் போகாதீர்கள். பத்து முறை வரவில்லை என்றாலும் பதினோராவது முறையும் "வாடி, மெஸ்ஸுக்குப் போலாம்" என்று கூப்பிடுங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் காதுபட உங்கள் உடம்பை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இந்த அரங்கில் இருக்கும் அந்த ஒருவருக்கு, நேரடியாக. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, கை தூக்கச் சொல்லவும் மாட்டேன். உங்களுக்கு வந்திருப்பது திமிரோ வேஷமோ பலவீனமோ இல்லை. இது நோய், இதற்குச் சிகிச்சை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். முன்பின் தெரியாதவரோடு தொலைபேசியில் பேசுவதே உங்களுக்கு மலையாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் நம்பிக்கையான ஒருவரை உங்களுக்காக அழைக்கச் சொல்லுங்கள். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. தோழியும் அழைக்கலாம், அம்மாவும் அழைக்கலாம். அதை இந்த வாரமே செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.